பிளத்தலும் அறுத்தலும்: தேவதாருவின் நார் பற்றி ஒரு திருத்தக் குறிப்பு

இதை ஒரு திருத்தமாகவே எழுதுகிறேன். மேற்கு இமயமலைப் பகுதியின் தச்சுத்தொழிற் சொற்களைப் பற்றிய என் ஆய்வேட்டின் இரண்டாம் இயல் வரைவை இங்குள்ள நண்பர்கள் சிலர் வாசித்திருக்கிறார்கள். அதில் ஒரு வாக்கியம் உண்டு: பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மலைத்தச்சர்கள் ரம்பத்தின் பயனை அறியாமல், கோடரியால் பலகை செதுக்கி, மரத்தைப் பெருமளவு வீணாக்கினர். காலனிய வனத்துறை எழுத்துகளைத் தொடர்ந்து வாசித்ததன் விளைவு அவ்வாக்கியம். கருத்தரங்கில் அதை வாசித்தபோது எவரும் மறுக்கவில்லை. எனக்கும் ஐயம் எழவில்லை. சென்ற ஆண்டு கள ஆய்வின்போது, குல்லு மாவட்டத்தின் பஞ்சார் பகுதியில் ஒரு மரப்பட்டறையில் கழித்த ஒரு முற்பகலில்தான் அது பிழையென்று புரிந்தது.

பட்டறைக்காரருக்கு வயது எழுபதை நெருங்குகிறது. தந்தையிடம் கைத்தச்சு பயின்றவர். டேபிள் சா எனப்படும் மேசை வட்டரம்பத்தை நாற்பது வயதுக்குமேல் வாங்கியவர். பிரித்தெடுக்கப்பட்ட பழைய வீடு ஒன்றின் தேவதாரு விட்டங்களும் பலகைகளும் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றோடு ஆலையில் அறுத்த புதுப்பலகைகளையும் சேர்த்துத் தானியப் பெட்டி ஒன்று செய்துகொண்டிருந்தார். பெட்டியின் மூலைகளுக்கு, இரு கைவிரல்களைக் கோத்தாற்போல் ஒன்றுக்குள் ஒன்று புகும் பல்லிணைப்பு. முதற்பலகையின் முனையைச் செங்குத்தாக நிறுத்தி ரம்பத்தின் மேல் தள்ளினார். முன்முகத்தில் வெட்டு சவரக்கத்தி பட்டதுபோல் இருந்தது. பின்முகத்தில் ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் மரம் இழையிழையாகக் கிழிந்து தொங்கியது. ஓரிடத்தில் விரல்நக அளவு சில்லு ஒன்று முழுதாகப் பெயர்ந்துவிட்டது.

"ரேஷா உகட் கயா" என்றார், பெரிதாக வருந்தாமல். நார் பெயர்ந்துவிட்டது என்பது பொருள். என் குறிப்பேட்டில் அன்று நான் எழுதிய முதற்சொல் இதுவே. 'ரேஷா' பாரசீகத்திலிருந்து வந்தது. இந்தியில் நார், இழை என்று பொருள்படும் அச்சொல்லுக்குப் பாரசீகத்தில் வேர் என்ற பொருளும் உண்டு. 'உகட்னா' என்பதோ வேரோடு பிடுங்கப்படுதல். தாம் பேசுவதன் சொற்பிறப்பை மிஸ்திரிஜி அறிந்திருக்க வேண்டியதில்லை. மொழியியல் படித்தவனுக்கு அந்த இரு சொற்களும் அருகருகே நின்ற காட்சி கொஞ்சம் மயக்கம் தருவதே.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் எனக்குக் கிட்டவில்லை. சிலாம்பு, சிராய், சிம்பு என்பன பெயர்ந்து வந்த துண்டைக் குறிக்கின்றன; பெயரும் நிகழ்வைக் குறிக்கவில்லை. தற்காலிகமாகச் 'சிலாம்பு பெயர்தல்' என்றே வைத்துக்கொள்கிறேன். இவ்வின்மைக்கு ஒரு காரணம் இருக்கலாம் என்பது என் ஊகம். தென்னிந்திய இயற்கைக் காடுகளுக்கு உரிய ஊசியிலை மரம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் மேற்குத்தொடர்ச்சி மலையில் ஒதுங்கி வாழ்வது. நம் தச்சுமொழி தேக்கிலும் வேங்கையிலும் பனையிலும் வளர்ந்தது. மென்மரத்தோடு அதற்கு நீண்ட பழக்கமில்லை.

மென்மரம் என்ற சொல்லும் சற்று ஏமாற்றக்கூடியது. தாவரவியலில் அது கடினத்தின் அளவையன்று. ஊசியிலை மரங்களின் கட்டைக்கு வழங்கும் பெயர். விளையாட்டு விமானம் செய்யும் பால்சா, கைநகம் பதியுமளவு மென்மையானதாயினும் வன்மர வகையைச் சேர்ந்தது. தேவதாருவோ ஆயிரம் மழைக்கு அசையாத மென்மரம். அதன் கட்டையில் மிகப்பெரும் பகுதி ஒரே வகை உயிரணுவால் ஆனது: மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமும், மயிரிழையினும் குறைந்த தடிப்பும் உடைய குழல்கள், தண்டின் நெடுக்கில் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. வளர்பருவத் தொடக்கத்தில் உண்டான குழல்களின் சுவர் மெல்லியது. பருவ இறுதியில் உண்டானவற்றின் சுவர் தடித்தது. ஆண்டு வளையம் ஒவ்வொன்றும் இவ்வாறு மென்பட்டையும் வன்பட்டையுமாக மாறி மாறி அமைகிறது. ரம்பத்தின் பல் இதைக் குறுக்கே தாக்கும்போது வன்பட்டை எதிர்த்து நின்று அறுபடும். மென்பட்டை அறுபடுவதற்கு முன்பே வளைந்துகொடுக்கும். மரத்தின் நடுவில் இது தொல்லையன்று, வளையும் நாரைப் பின்னாலிருக்கும் நார் தாங்கிக்கொள்கிறது. பல் வெளியேறும் முகத்தில் தாங்குவதற்கு எதுவுமில்லை. அங்கே நார் அறுபடாமல் வளைந்து, பக்கத்து நாரோடு தனக்கிருந்த ஒட்டை விட்டுப் பிரிந்து, நெடுக்கில் கிழிந்து வெளியே வருகிறது. மேசை ரம்பத்தின் வட்டத்தகடு தள்ளுபவரை நோக்கிக் கீழிறங்கிச் சுழல்வது. ஆதலின் படுக்கவைத்துக் குறுக்கே அறுத்தால் பலகையின் அடிமுகத்திலும் பின்விளிம்பிலும் பெயரும். நிறுத்திவைத்து இணைப்பு வெட்டினால் தள்ளுபவர் பக்கத்து முகத்தில் பெயரும்.

அன்றைய உரையாடலில் என்னை நிறுத்தியது வேறு இரு வினைச்சொற்கள். இந்தியில் மரத்தை நெடுக்காக அறுப்பது 'சீர்னா'. குறுக்காக வெட்டுவது 'காட்னா'. அறுவைக்கூலிக்குப் பெயர் 'சிராயி'. 'சீர்னா' என்பதற்குக் கிழித்தல், பிளத்தல் என்ற பொருளும் உண்டு. அதாவது நாரின் வழியே செல்லும் எந்தச் செயலும், கருவி ஆப்பாயினும் ரம்பமாயினும், ஒரே வினை. நாரைக் குறுக்கிடுவது வேறு வினை. தமிழ் இவ்விடத்தில் கருவியைப் பார்க்கிறது: விறகைப் பிளக்கிறோம், பலகையை அறுக்கிறோம்; நெடுக்கோ குறுக்கோ ரம்பம் பட்டால் அறுத்தலே. இந்தியின் பாகுபாட்டில் நின்று பார்த்தால் சிலாம்பு பெயர்தல் என்பது என்ன? 'காட்னா' நிகழவேண்டிய இடத்தில், மரம் தன்விருப்பில் 'சீர்னா' ஆகிவிடுவது. மிஸ்திரிஜியிடம் இதைச் சொன்னபோது, "அதைத்தானே பேட்டா காலையிலிருந்து செய்து காட்டுகிறேன்" என்றார்.

இனி ரம்பத்தின் வரலாற்றுக்கு வருவோம். துணைக்கண்டத்திற்கு ரம்பம் புதிதன்று. மொகஞ்சதாரோ அகழாய்வில் உலோக ரம்பங்கள் கிடைத்தன. சிந்துவெளியினர் சங்கை அறுத்து வளையல் செய்தவர்கள். ஹரப்பாவில் தேவதாரு மரத்தின் எச்சமும் அடையாளம் காணப்பட்டிருக்கிறது. மலையிலிருந்து சமவெளிக்கு அம்மரம் வந்த பழமை அத்தகையது. பாலி மொழியின் மஜ்ஜிம நிகாயத்தில், இருபுறமும் கைப்பிடியுள்ள ரம்பத்தை உவமையாகக் கொண்டு பெயர் பெற்ற சூத்திரமே உள்ளது. ரம்பத்திற்கு அங்கே 'ககச' என்று பெயர். சுசுருத சங்கிதை அடுக்கும் இருபது அறுவைக் கருவிகளுள் ஒன்று 'கரபத்திரம்'. எலும்பை அறுக்கும் ரம்பம். அச்சொல்லின் வழித்தோன்றலான 'கர்வத்' இன்றும் மராத்தித் தச்சரின் நாவில் வழங்குகிறது. ஆகவே 'அறியாமை' என்பதை வைத்து எதையும் விளக்க இயலாது. மலைக்குக் கோவில் கட்ட வந்த கலைஞர்கள் சமவெளியோடு தொடர்பற்றவர்கள் அல்லர். சிறு கைரம்பங்கள் மலையிலும் இருந்தன. இல்லாதது, அல்லது அரிதாக இருந்தது, முழுத் தண்டையும் இருவர் மேலும் கீழும் நின்று நெடுக்காக அறுக்கும் பெரிய ரம்பம்.

அதற்குப் பதிலாக என்ன செய்தார்கள்? வெட்டி வீழ்த்திய தண்டின் முனையில் ஆப்புகளை வரிசையாக இறக்கி இரண்டாகப் பிளந்தார்கள். பாதியின் முதுகைக் கோடரியால் செதுக்கித் தட்டையாக்கினார்கள். ஒரு தண்டிலிருந்து கிடைத்தவை மிகச்சில பலகைகளே. எஞ்சியது சிராய்க் குவியல். கன அளவைக் கொண்டு கணக்கிட்டால் இழப்பு மிகப் பெரிது. வன அலுவலர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அப்பலகையில் ஒன்று நிகழ்ந்திருக்கிறது. பிளவு நாரின் வழியே சென்றதால், பலகையின் முகம் நாரின் ஓட்டத்தோடு இணைகோட்டில் இருக்கிறது. அறுபட்ட நார் முகத்தில் அனேகமாக இல்லை. ரம்பம் நாரின் ஓட்டத்தைப் பொருட்படுத்துவதில்லை. கயிறு தட்டி இட்ட கோட்டில் நேராகச் செல்லும். தண்டு சற்றே வளைந்தோ முறுக்கியோ இருந்தால் நார்கள் பலகையின் முகத்தில் சாய்வாக வெட்டுப்பட்டு வாய் திறந்து நிற்கும். கூரைப்பலகையில் அத்திறந்த வாய்களில் மழையும் பனிநீரும் இறங்கும். பிளந்த பலகையில் வழிந்தோடும். மணாலியில் 1553இல் எழுப்பப்பட்ட ஹிடிம்பா தேவி கோயிலின் அடுக்குக் கூரைகளைப் பார்த்துவிட்டு வருபவர்கள் பனிப்பொழிவு மிகுந்த அவ்விடத்தில் மரக்கூரை எவ்வாறு தாக்குப்பிடிக்கிறது என்று கேட்பதுண்டு. விடையின் ஒரு பாதி தேவதாருவின் எண்ணெய். மறுபாதி நாரின் வழிப் பிளவு.

மிஸ்திரிஜி எனக்கு இதை வாய்ச்சொல்லால் விளக்கவில்லை. புதுப்பலகையில் பெயர்ந்த இடத்தைக் காட்டினார். கிழிசல் உள்நோக்கி இறங்கியிருந்தது. பிறகு பழைய வீட்டுச் சுவர்ப்பலகை ஒன்றை எடுத்தார். அதன் ஒரு முகத்தில் கோடரித் தழும்புகள் அலையலையாக ஓடின. அதையும் அதே ரம்பத்தில், எந்த முன்னேற்பாடுமின்றி, குறுக்கே வெட்டினார். அதிலும் நார் பெயர்ந்தது. ஆனால் தோல் உரிந்ததுபோல் மேலோட்டமாகவே நின்றது. நார் முகத்திற்கு இணையாக ஓடும்போது கிழிசலுக்கு உள்ளே இறங்க வழி இல்லை. நார் சாய்ந்திருக்கும் பலகையில் கிழிசல் அச்சாய்வைப் பற்றிக்கொண்டு ஆழத்திற்குப் போகிறது. பல்லிணைப்பில் இவ்வேறுபாடு கண்ணுக்கு மட்டும் உரியதன்று. இணைப்பின் வலிமை முகங்கள் ஒன்றையொன்று முழுதாகத் தொடுவதில் இருக்கிறது. பெயர்ந்த இடத்தில் பசை இட்டு நிரப்பலாம், தொடுகையை மீட்க இயலாது.

காட்குனிச் சுவர்களை இப்பார்வையோடு மீண்டும் பார்க்கவேண்டும். 'காட்' என்பது காஷ்டம், மரம். 'குனி' என்பது கோணம், மூலை. சுவரின் உள்முகத்திலும் வெளிமுகத்திலும் இணையாக ஓடும் இரு தேவதாரு விட்டங்கள், இடையில் கல், மேலே கல்வரிசை, மறுபடியும் விட்டங்கள். இரு விட்டங்களையும் குறுக்கே பிணைக்கும் கட்டைக்கு 'மான்வி' என்று பெயர். அது புறாவால் வடிவில் இரு புறமும் பதிகிறது. தேவைப்பட்ட இடத்தில் 'கடில்' என்னும் மரமுளை. சுண்ணமில்லை, ஆணியில்லை. இக்கட்டுமானத்தின் மொத்த மரவேலையில் நாரைக் குறுக்கே வெட்டும் இடங்கள் எவ்வளவு குறைவு என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பு உண்டாகும். நீளங்கள் எல்லாம் பிளவு. மூலைக்குழிகளும் புறாவால்களும் மட்டுமே வெட்டு. அவ்வெட்டுகளிலும் முதலில் கூரிய முனையால் கோட்டை ஆழக் கீறி, முகத்து நாரை முன்கூட்டியே துண்டித்துவிட்டு, இரு ஓரங்களையும் ரம்பத்தால் இறக்கி, நடுவில் நிற்கும் கட்டையை உளியால் பிளந்து வெளியேற்றுகிறார்கள். மரம் பிளக்க விரும்பும் இடத்தில் பிளக்க விடுவது. பிளக்கக்கூடாத இடத்தில் நாரை முந்திக்கொண்டு அறுப்பது. இதை மரத்தை அறியாதவர்களின் வேலை என்று எழுதியிருந்தேன்.

பெரிய ரம்பம் மலைக்கு வந்த கதையை நாம் பெரும்பாலும் அறிவோம். 1850களில் டெஹ்ரி அரசரிடம் குத்தகை பெற்று, பாகீரதிக் கரையின் தேவதாருக்களை வெட்டி ஆற்றில் மிதக்கவிட்ட பிரெடரிக் வில்சனைப் பற்றி ஹர்சில் பக்கம் இன்றும் கதைகள் வழங்குகின்றன. ஹியூ கிளெகார்ன் 1820இல் சென்னையில் பிறந்தவர்; சென்னை மாகாண வனத்துறையைத் தொடங்கி நடத்தியவர்; பிறகு வடக்கே சென்று பஞ்சாப், மேற்கு இமயமலைக் காடுகளைப் பற்றிய அறிக்கையை 1864இல் வெளியிட்டார். அதே ஆண்டில் பிராண்டிஸ் தலைமையில் இந்திய வனத்துறை உருவானது. இவையனைத்திற்கும் பின்னால் நின்றது இருப்புப்பாதை. கெஜத்துக்கு ஒன்று என்ற எளிய கணக்கில் வைத்தாலும் ஒரு மைலுக்கு 1,760 குறுக்குக்கட்டைகள் வேண்டும். அகலப்பாதைக் கட்டையின் வழக்கமான குறுக்களவு 10 அங்குல அகலம், 5 அங்குலத் தடிப்பு. ஒரே அளவில் இலட்சக்கணக்கில் வேண்டுமெனில் ஆப்பும் கோடரியும் போதா. ஆராகஷ் எனப்படும் அறுவைக்காரர்கள் மலைக்கு வந்தது இவ்வாறுதான்.

இங்கே நான் முன்பு கவனிக்காத ஒன்று: இருப்புப்பாதைக் குறுக்குக்கட்டை என்பது இணைப்பே இல்லாத மரப்பொருள். அதன் முனை எதனுள்ளும் புகுவதில்லை. முனையில் சிலாம்பு பெயர்ந்திருந்தால் என்ன, பெயராவிட்டால் என்ன, கருங்கல் ஜல்லிக்குள் கிடக்கப்போகிறது. ஒரு தண்டிலிருந்து எத்தனை கட்டை என்பதே கேள்வி. எனவே கன அளவே அளவுகோல். அந்த அளவுகோலைக் கையில் பிடித்துக்கொண்டு மலைவீட்டுத் தச்சரின் பலகையை அளந்தபோது 'வீண்' என்ற தீர்ப்பு இயல்பாகவே வந்தது. அத்தீர்ப்பு ஏட்டோடு நின்றிருந்தால் இன்று அதைக் கிளற வேண்டியதில்லை. 1878 வனச்சட்டத்திற்குப் பிறகு கிராமத்தாரின் மரவுரிமைகள் பட்டியலிடப்பட்டன; குல்லுக் காடுகளுக்கு ஆண்டர்சன் 1886இல் அளித்த தீர்வு அறிக்கையில் வீடு கட்டவும் பழுதுபார்க்கவும் மரம் பெறும் உரிமைகள் பதிவாயின. இமாச்சலத்தில் இன்றும் விவாதிக்கப்படும் மரப்பங்கீட்டு உரிமையின் ஒரு வேர் அங்கே இருக்கிறது. உரிமையைச் சுருக்க வேண்டும் என்ற ஒவ்வொரு வாதத்திலும், மரத்தை வீணாக்கும் மலைவாசி என்ற உருவம் எங்காவது தலைகாட்டுகிறது. என் வாக்கியமும் அந்த உருவத்திற்கு ஓர் அடிக்குறிப்பைச் சேர்த்தது.

மறுபுறம் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். பிளவுமுறை எல்லா மரத்திற்கும் பொருந்தாது. சீர் பைன் மரத்தில் நார் தண்டைச் சுற்றி முறுக்கிச் செல்வதுண்டு. பிளந்தால் பலகைக்குப் பதிலாகத் திருகு கிடைக்கும். 1920களில் வன ஆய்வாளர் ஹெச். ஜி. சாம்பியன் இம்முறுக்கு நாரைத் தனிப்பொருளாக எடுத்து ஆராயுமளவுக்கு அது பொருளாதாரச் சிக்கலாக இருந்தது. தேவதாரு அரிதான பின் சீர் பைனைப் பயன்படுத்தியே ஆகவேண்டிய காலத்தில் ரம்பம் இன்றி வழியில்லை. மக்கள்தொகையும் காட்டின் பரப்பும் மாறியபின் ஒரு தண்டுக்கு இரு பலகை என்ற கணக்கு நிலைத்திருக்காது என்பதையும் ஏற்கிறேன். மிஸ்திரிஜியே ரம்பத்தைக் கைவிடும் எண்ணமுடையவர் அல்லர். மின்தடை வந்தபோது அவர் முனகியதை நான் கேட்டேன்.

வட்டரம்பத்துக்கான காப்புரிமை இங்கிலாந்தின் சௌத்தாம்டன் நகரைச் சேர்ந்த சாமுவேல் மில்லருக்கு 1777இல் வழங்கப்பட்டது. ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஆல்டன்டார்ஃப் 1906இல், மரத்தைத் தாங்கியவாறே நகரும் மேசையுடன் கூடிய ரம்பத்தை உருவாக்கினார். அவ்வகை இயந்திரங்களின் பிற்கால வடிவங்களில் பெரிய தகட்டுக்கு முன்னால் ஒரு சிறு தகடு எதிர்த்திசையில் சுழலும். அது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம் மட்டுமே கீறும். பின்னால் வரும் பெரிய தகடு வெளியேறும் முகத்தில் நார் ஏற்கெனவே அறுபட்டிருக்கும். குல்லுத் தச்சர் கூர்முனையால் கோட்டைக் கீறும் அதே செயலுக்குத்தான் அங்கே தனி மின்விசை வைத்திருக்கிறார்கள்.

அன்று பிற்பகுதியில் அவர் மீதிப் பலகைகளை வெட்டிய விதத்தையும் பதிவு செய்துவிடுகிறேன். மாணவர்கள் சிலருக்கு நேரடியாகவே பயன்படும். மேசையில் ரம்பம் எழும் வாய் அகலமானது. அவ்விடைவெளியில்தான் நார் கீழ்நோக்கி வளைகிறது. ஆதலின் உலோக மூடியை எடுத்துவிட்டு, ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றைப் பொருத்தி, சுழலும் தகட்டை மெல்ல உயர்த்தி அத்துண்டையே வெட்டச் செய்தார். இப்போது பிளவின் அகலமும் தகட்டின் தடிப்பும் ஒன்று. நாருக்கு வளைய இடமில்லை. இணைப்பு வெட்டும்போது பலகைக்குப் பின்னால் ஒரு கழிவுக் கட்டையை ஒட்டி நிறுத்தினார். பல் பலகையை விட்டு வெளியேறினாலும் மரத்தை விட்டு வெளியேறுவதில்லை. பெயர்வதெல்லாம் கழிவுக் கட்டையில். கோடுகளை முன்பே கத்தியால் கீறியிருந்தார். முதலில் இழையளவு ஆழத்தில் ஒருமுறை ஓட்டிவிட்டு அடுத்த முறை முழு ஆழத்திற்கு இறக்கினார். குறுக்குவெட்டுக்கென்று பற்கள் நெருக்கமான தகட்டை மாற்றிக்கொண்டார். மழுங்கிய பல் நாரை அறுப்பதில்லை, தள்ளுகிறது என்றார். எனக்கு மிகவும் பிடித்தது வேலையின் வரிசைமுறை: பலகையைத் தேவையைவிட அரை அங்குலம் அகலமாக வைத்துக்கொண்டு குறுக்குவெட்டுகளையெல்லாம் முடித்தபின்னரே நெடுக்காக அறுத்து அகலத்தைச் சரிசெய்தார். பின்விளிம்பில் பெயர்ந்திருந்த அத்தனையும் அந்த அரை அங்குலத்தோடு போய்விட்டது. முதலில் 'காட்னா', கடைசியில் 'சீர்னா'. நகரத்துப் பட்டறைகளில் கோட்டின் மேல் காகித ஒட்டுநாடா ஒட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அது மூன்றாந்தர உபாயம் என்பது என் கருத்து. நாரை அது தாங்குவதைவிட, பெயர்ந்த நாரை உதிராமல் பிடித்துக்கொள்வதே அதிகம்.

அரை அங்குலம் வீணாகிறதே என்று கேட்டேன். கேட்ட கணத்திலேயே என் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் அந்தக் குச்சிகளைச் சேர்த்துக் கட்டி அடுப்பங்கரைப் பக்கம் வைத்துவிட்டுத் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

இரண்டாம் இயலின் அவ்வாக்கியத்தை நீக்கிவிட்டு, 'வீண்' என்ற சொல் வன அறிக்கைகளில் எந்தப் பொருளை அளக்கும்போது வருகிறது, எதை அளக்கும்போது வருவதில்லை என்று ஒரு தனிப்பகுதி எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய வரைவைத் தரவிறக்கி வைத்திருப்பவர்கள் அதை மேற்கோள் காட்டவேண்டாம். தச்சுக் குடும்பங்களிலிருந்து வந்த மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ரம்பம் வெளியேறும் பக்கத்தில் மரம் இழையாகக் கிழிந்து வருவதற்கு உங்கள் வீட்டில், உங்கள் ஊரில் தனிச்சொல் வழங்கினால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். வினைச்சொல்லாக இருந்தால் மிக நன்று. சொல்லோடு ஊரின் பெயரையும், எந்த மரத்தில் வேலை செய்யும்போது அப்படிச் சொல்வார்கள் என்பதையும் குறிப்பிடுங்கள்.